எட்டாயிரம் ரூபாய்ப் போக்கியம்

சென்ற வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் வீட்டுக்காரரின் மகன் சேகர் ஒரு பழுப்பு நிற உறையை என் கையில் வைத்தான். உள்ளே பதினாறு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், ஆக எட்டாயிரம். வங்கியிலிருந்து நேராக எடுத்து வந்திருப்பான் போலும். புது மையின் வாசனை வீசிற்று. பணத்தைக் கண்டு மகிழ்ந்த நாள்கள் என் வாழ்வில் அதிகமில்லை. ஆனால் பணத்தைக் கண்டு அஞ்சியது அன்றுதான் முதல் முறை. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அவனுடைய தகப்பனாருக்கு நான் கொடுத்த போக்கியத் தொகை அது. அது திரும்பி வந்துவிட்டதென்றால் நாங்கள் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று பொருள்.

"தை பொறந்தா வூட்ட இடிக்கறோம் மாமா. கீய நாலு கட, மேல ரூமு. அப்பா இருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருங்கன்னு சொல்லியிருப்பாரு. எனக்கு லோன் சாங்சன் ஆயிடுச்சி, இன்னா பண்றது?"

அவன் நல்ல பையன். இடுப்பில் அரைஞாண் மட்டும் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்து அவல் தின்றவன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போக்கியம் என்பது இன்னதென்று இந்நாளைய நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே கைக்கு வந்துவிடும். இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாட்டை மனிதன் கண்டுபிடித்ததில்லை என்று நெடுங்காலம் நான் நம்பியிருந்தேன். மாதம் பிறந்ததும் வாடகைக்கு அலைகிறவர்களைக் கண்டால் எனக்குள் ஓர் இரக்கம் சுரக்கும். அந்த இரக்கத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புது மையின் வாசனை என்றேன். உத்திரமேரூரில் நான் எடை போடும் வேலை பார்த்த அரிசி ஆலையில், கூலியாக வரும் தாள்களுக்குத் தவிட்டு வாசனைதான் இருக்கும். அவித்த நெல்லின் ஆவியில் நனைந்து, உமித் தூசியில் புரண்டு, துணித் துண்டைப்போலத் துவண்டிருக்கும். அங்கே காலையில் என் முதல் வேலை, அன்றைய நெல் விலையைச் சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதுவது. நேற்றைய எண்ணை ஈரத் துணியால் துடைத்துவிட்டு இன்றைய எண்ணை எழுதுவேன். புதிய எண் பெரும்பாலும் பழையதைவிடப் பெரியதாகவே இருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகள் இதைச் செய்தேன். மூட்டையின் விலை ஏறியதைத் தினமும் என் கையாலேயே எழுதியவன், வீட்டுக்காரர் கையில் கிடந்த என் எட்டாயிரம் அதே வேகத்தில் இளைத்துக்கொண்டிருந்ததை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் நூலகத்து நாளிதழ்கள் கற்றுக் கொடுத்தவை. விலைவாசி என்ற சொல்லை அவற்றில் ஆயிரம் முறை படித்திருப்பேன். அது கடைத்தெருவைப் பற்றிய சொல் என்றே எண்ணியிருந்தேன்.

அந்த எட்டாயிரத்தில் பாதிக்கு மேல் என் மனைவி மரகதத்தின் மூன்று சவரன் சங்கிலி. அதைக் கழற்றிக் கொடுக்கும்போது அவள் அழவில்லை. "வூடு ஆச்சேன்னு குடுக்கறேன், பத்திரம்" என்றாள். சேகர் கொடுத்த உறையை அவளிடம் காட்டியபோது கையில் வாங்கவில்லை. "இந்தக் காசுக்கு இன்னிக்கி ஒரு கிராம் வருமாங்க?" என்று மட்டும் கேட்டாள். வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இதில் என் கைப்பிழையும் ஒன்று உண்டு. போக்கியப் பத்திரம் எழுத எழுத்தருக்கு ஏன் கூலி தர வேண்டும் என்று நானே எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கும் என்ற செருக்கு. செந்தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை வேறு. 'மேற்படி தொகை யாதொரு கூடுதலும் குறைவும் இன்றி முழுமையாகத் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டியது' என்று எழுதி, அதன் கீழ் ஒரு கோடும் இழுத்தேன். வீட்டுக்காரர் கைலாசம் அண்ணன் அதை உரக்கப் படித்துவிட்டு, "வக்கீல் தோத்தான் போ" என்றார். குறைந்துவிடுமோ என்ற அச்சம்தான் அன்று எனக்கு இருந்தது. கூடுதலைத் தடுத்து எழுதியவனும் நானே என்பது, சேகர் அந்தத் தாளைப் பிரித்துக் காட்டியபோதுதான் உறைத்தது. சொன்ன சொல்லை அவன் ஒரு காசு பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறான்.

அந்த வீடு எங்களுக்கே சொந்தமாகியிருக்க வேண்டியது. நாங்கள் குடிவந்த ஐந்தாம் ஆண்டு, கைலாசம் அண்ணனுக்கு மகள் கல்யாணம் வந்தது. ஒரு மாலை ஆலைக்கே வந்து, தராசின் பக்கத்தில் நின்று பேசினார்.

"தம்பி, இன்னும் பன்னெண்டாயிரம் போடு. வூட்ட உன் பேர்ல எய்திக்கோ."

"அவ்ளோ பணத்துக்கு எங்கண்ணே போவேன்?"

"உங்க மொதலாளியே குடுப்பாரு. கூலில புடிச்சிக்கச் சொல்லு."

கூலியில் பிடித்துக்கொள்வது. அந்தச் சொற்களைச் சிறு வயதிலேயே நான் அறிவேன். என் தகப்பனார் தம் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகச் சாலவாக்கத்துப் பக்கம் ஒரு பண்ணையில் படியாளாய்ச் சேர்ந்தவர். கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று அவர் கேட்டதுமில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இறந்த மூன்றாம் நாள் பண்ணையாரின் ஆள் ஒருவன் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையன் வளந்துட்டான் போல கீது" என்றான். அன்று மாலையே என் தாயார் என்னை உத்திரமேரூருக்கு நடத்தி அழைத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து கடன் என்ற சொல் எனக்குப் பாம்பு. ஆகவே கைலாசம் அண்ணனிடம் வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து மரகதத்திடம் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

அவள் உலையில் அரிசியைப் போட்டபடி சொன்னாள்: "உங்கப்பா பட்ட கடன் வேற. இது வூட்டுக்கு. நானும் நடவுக்குப் போறேன், அடச்சிடலாம். பயந்துக்கினே இருந்தா எப்ப வூடு வாங்கறது?"

"தலைக்கு மேல் கூரை இருக்கிறது, வாடகையும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று இப்போது எழுதுவதைப் போலவே இலக்கணமாய்ப் பேசி அவள் வாயை அடைத்தேன்.

என் மகன் என்னைப்போல் இல்லை. ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. வண்டிக்கு ஒரு தவணை, கைப்பேசிக்கு ஒரு தவணை, பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கு ஒரு தவணை. கடன் அவனைக் கடிப்பதாகத் தெரியவில்லை; அல்லது கடித்துக் கடித்து மரத்துவிட்டது. ஒற்றை அறையில் நான்கு பேர் படுக்கிறார்கள். செய்தியைச் சொன்னதும், "இங்க வந்துடுங்கப்பா, பாத்துக்கலாம்" என்றான். அதைச் சொல்வதற்கு முன் அவன் மூச்சு நின்ற அந்த நொடி என் காதிலேயே இருக்கிறது. நாங்கள் அங்கே போகப் போவதில்லை.

நேற்று நகரப் பேருந்தில் சாலவாக்கம் போனேன். தகரக் கூரை போட்ட ஒரு வீடு காலியாக இருப்பதாகக் கேள்வி. ஓர் அறை, ஓர் அடுக்களை, வெளியே பொதுக் கழிப்பறை. வீட்டுக்காரப் பெண்ணுக்கு என் மகன் வயது இருக்கும்.

"வாடக நாலாயிரம், கரண்டு தனி. அட்வான்ஸ் நாப்பதாயிரம்."

"போக்கியத்துக்குத் தருவதுண்டா அம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். கேலியான சிரிப்பன்று, புரியாத சிரிப்பு. "அதெல்லாம் இப்ப யாரு பெரியவரே குடுக்கறாங்க? சரி, வாடக யாரு குடுப்பா? பையன் இருக்கானா?"

முதியோர் ஓய்வூதியமும், மரகதம் நூறு நாள் வேலைக்குப் போய் வாங்குவதும் சேர்ந்தாலும் நாலாயிரம் எல்லா மாதமும் தேறாது. "இருக்கிறான்" என்றேன். பொய்யன்று.

"இன்னொரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க. ஒங்களுக்குத்தான்னா டோக்கன் குடுத்துட்டுப் போங்க. மீதிய கொண்டாந்து சாவி வாங்கிக்கோங்க."

"டோக்கன் எவ்வளவு?"

"பத்தாயிரம். இன்னா கீது கையில?"

கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள். பெரியவராய் இருக்கிறீர்களே, போகட்டும் என்று வாங்கிக்கொண்டு, மீதிக்கு ஒரு கெடு சொன்னாள்; தவறினால் வீடு மற்றவர்களுக்கு. ரசீது கேட்க வேண்டும் என்று பேருந்தில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. வழி நெடுகக் காலி உறையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். அருகில் அமர்ந்திருந்தவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மரகதம் வாசலிலேயே நின்றிருந்தாள். "பணம் எங்க?" என்றாள்.

"குடுத்துட்டேன். ஒரு வீட்டைப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"எட்டாயிரமுமா? எது வரிக்கும்?"

"ஞாயித்துக்கிழம வரிக்கும்" என்றேன்.