அந்தக் கலாசம் நான் போட்டது

அருமனைப் பக்கத்தில் சொந்தமாகச் சிங்காரி மேள செட்டு, செண்டை அடிக்கிற குழு, வைத்த முதல் ஆள் நான். படிப்பு நாலாங்கிளாசோடு நின்றது. விடியக்காலம் ரப்பர் வெட்டு, மத்தியானம் ரப்பர் பாலை மெஷினில் விட்டு ஷீட்டு அடிப்பு, அந்திக்குப் புளியங்கம்பால் கருங்கல்லில் அடித்துச் செண்டைப் பழக்கம். கற்றுத்தரச் சொல்லிப் போன இடத்தில், "ரப்பர் வெட்டுகாரனுக்கு எதுக்குடே செண்டை?" என்று விரட்டினார்கள். பார்த்தே படித்தேன். செண்டைகள், இலைத்தாளம் என்கிற வெண்கலக் கைத்தாளம், ஆளுகளுக்கு யூனிபார்ம், ஏறிப்போக வேன், மகன் ஜெயனுக்கு வீடு, எல்லாம் இந்தக் கை உண்டாக்கியது.

இப்போது எனக்கு டிமென்ஷியா, மறதி நோய், என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லிவிட்டார். சோறு தின்றேனா என்பதே ஓர்மை இருக்காது. ஒருநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில், தோளில் செண்டையோடு, எந்த ஊருக்குப் போகணும் என்று தெரியாமல் நின்றேன். அருமனை பஸ் கண்டக்டர்தான், "மேளக்காரரே, ஏறும்வே" என்று கையைப் பிடித்து ஏற்றினார். ஆனால் செண்டை வாரைத் தோளில் போட்டால் கை தன்னால் போகும். "இலைத்தாளம் பிடிச்சா போதும்பா" என்று ஜெயன் ஒதுக்கப் பார்க்கிறான். நான் விடவில்லை. இன்றைக்கும் அடிக்கிறேன்.

மேளம் முடிகிற இடத்தில் எல்லாரும் ஒன்றாக அடித்து நிறுத்துவதற்குக் கலாசம் என்று பேர். திருவிழா சீசனுக்கு முன்னால் எங்கள் முற்றத்தில் பயிற்சி நடந்தது. ஜெயன் ஒரு கலாசம் அடித்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"யாருல போட்டது இது? ஒண்ணாந்தரமா இருக்கே!"

ஜெயன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "நாந்தாம்பா."

"எனக்க ரெத்தம்லா!" என்று அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்தேன்.

எல்லாரும் போன பிறகு வீட்டுக்காரி சரோஜா சொன்னாள்: "அது நீங்க போட்டதுல்லா? கல்யாணம் கழிஞ்ச புதுசுல, சோத்துப் பானையில தட்டித் தட்டிப் போட்டிய. பானை நெளிஞ்சதுக்கு எங்கம்மை என்னை ஏசினா."

எனக்கு நெஞ்சு எரிந்தது. மறந்துவிடுவேன் என்று பயந்து, தினமும் காலையில் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவளும் சலிக்காமல் சொன்னாள்.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. மைக்கில், "அடுத்து, ஜெயன் அவர்களின் சொந்தக் கலாசம்!" என்றார்கள். நானும் வரிசையில் நின்று அடித்தேன். நடுவில் ஒரு இடத்தில் எல்லார் கையும் நின்று திரும்ப விழும். அங்கே என் கை நின்றபோது, காதுக்குள் பழைய ஷீட்டு மெஷின் கேட்டது. அதன் பல்சக்கரத்தில் ஒரு பல்லு உடைந்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் சறுக்கி, சத்தம் நின்று வரும். அந்த நிறுத்தத்தைத்தான் நான் கலாசத்தில் வைத்தேன்.

மேடையை விட்டு இறங்கியதும் ஜெயனிடம் சொன்னேன்: "லேய், அது எனக்க கலாசம்."

"நீங்கதான யாரு போட்டதுன்னு கேட்டிய? எல்லாருக்கும் தெரியும்."

செட்டில் ஒருத்தன், "விடுடே, நாளைக்குச் செண்டையே நான் கண்டுபிடிச்சதுன்னு சொல்லுவாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயனும் சிரித்தான்.

"செரி. நடுவுல கையை நிறுத்துதியே, அது எதுக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "அது ஒரு ஸ்டைலுப்பா."

மெஷினையும் உடைந்த பல்லையும் சொன்னேன். "ஓர்மை இல்லாம உளறாதீங்கப்பா" என்று வேனில் ஏறிக்கொண்டான். நான் வாங்கிய வேன்.

மேளத்துக்கு வருகிற பிள்ளைகளே, புதுசாக ஒரு அடி போட்டால் அன்றைக்கே நாலு பேர் கேட்க உங்கள் பேரைச் சொல்லி வையுங்கள். ஊருக்கே தெரியும் என்று நான் சும்மா இருந்தேன். இப்போது என் மறதியே எனக்கு எதிரான சாட்சி.

ஜெயனுக்கும் செட்டுக்கும் சொல்கிறேன். இனி அந்தக் கலாசம் அடிக்கிற மேடையில் எல்லாம், மைக்கில் என் பேர் வரணும். என் பேரே எனக்குத் தெரியாமல் போகிற நாளிலும் வரணும். அன்றைக்கு நான் கூட்டத்தில் நின்று, "யாருல அந்த ஆளு?" என்று கேட்பேன். "நீங்கதாம்பா" என்று ஜெயன் சொல்லணும்.