இரண்டு விரற்கடை குறைந்த கால்கள்

தாராவியில் பெல்ட் பக்கிள் செய்யும் பட்டறை என்னுடையது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதைப் பார்த்தாலும் உடைந்துவிடுமோ என்று பயம். பக்கிளின் முள்ளைக்கூட மற்றவர்களைவிடத் தடிப்பாகத்தான் போடுவேன்.

போன வருடம், செம்பூர் கல்லூரியில் படிக்கும் என் மகள் கண்காட்சிக்கு ஒரு விமான மாதிரி செய்தாள். சத்தத்தைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம். அலுமினியத் தகட்டில் உடலும் முக்கோண இறக்கையும் அவள் வேலை. சக்கரக் கால்களை மட்டும் என்னிடம் விட்டாள்.

"இது மத்த பிளேன் மாதிரி பைய எறங்காது வாப்பா. வேகமா, மூக்கத் தூக்கிக்கிட்டு வந்து தொம்முனு உக்காரும். அதான் காலு உரமாவும் இருக்கணும், நெட்டையாவும் இருக்கணும். அளவு எழுதி வச்சிருக்கேன்."

"சரிம்மா" என்றேன். உரம் புரிந்தது. நெட்டை எதற்கென்று புரியவில்லை. மகளிடம் கேட்கக் கூச்சம்.

அவள் எழுதிய அளவில் பித்தளைக் கம்பியை வெட்டி நிறுத்திப் பார்த்தேன். கொக்குக் கால் மாதிரி இருந்தது. கண்காட்சியில் இறக்கிக் காட்டும்போது மடங்கிவிட்டால் பிள்ளை எல்லோர் முன்னாலும் அழுவாளே என்று அன்று முழுக்க அதே நினைப்பு. கடைசியில் இரண்டு விரற்கடை குறைத்து, தடித்த கம்பியில் புதிதாகச் செய்து பற்றவைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. பரீட்சை எழுதிவிட்டு ஓடி வந்தவள், சரிபார்க்காமலே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வாப்பாவின் கை அளவு தப்பாது என்ற நம்பிக்கை.

நானும் கூடப் போனேன். சாய்வாகக் கட்டிய கம்பியில் சறுக்கி வந்த விமானம், மூக்கைத் தூக்கியபடி மேசையில் விழுந்தது. கால்கள் அசையவில்லை. பின்பக்கம் மேசையில் இடித்து வால் பிய்ந்து தொங்கியது. நெட்டை எதற்கென்று அப்போது புரிந்தது.

"நாப் நஹீ லியா க்யா?" அளவே எடுக்கவில்லையா என்றார் டீச்சர். மகள் அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேரீ கல்தி ஹை, மேடம்."

தப்பு தன்னுடையதாம். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் போதும். அத்தனை படித்தவர்கள் நடுவில் நாக்கு எழவில்லை. டீச்சர் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள், "ஏன் வாப்பா கொறச்சீங்க?"

"ஒடஞ்சிருமோன்னு பயந்துட்டேன்மா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

குறைத்தது பயத்தில். அதை யாரும் மன்னிப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு என்ன சொல்வது?

விமானம் இப்போது பட்டறை அலமாரியில் நிற்கிறது. போன வாரம் மாட்டுங்காவிலிருந்து பக்கிள் வாங்க வந்த கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"ஜோரா இருக்கே பாய்! வாலு மட்டும் ஏன் இப்படி?"

மகள் அப்போதுதான் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

"மக செஞ்சது. காலு மட்டும் நான் போட்டேன். அவ சரியாத்தான் அளவு குடுத்தா. நான்தான் கொறச்சுக் கெடுத்துட்டேன்" என்றேன்.

"அங்க சொல்ல வேண்டியத, பக்கிள் வாங்க வந்தவங்ககிட்ட சொல்லுதீங்க" என்று டப்பாவை நங்கென்று வைத்தாள் மகள்.

கடைக்காரர் சிரித்தார். நான் கை கழுவப் போனேன்.