மூன்று மணிக்கு முன் கிடைத்த வட்டி

எங்கள் குடும்பத்தில் வட்டி விகிதத்துக்காக ரயில் பிடித்து ஓடியவர்கள் மூன்று பேர். அதில் எல்லாரையும் விட வேகமாக ஓடியது நான். எனக்கு அப்போது பத்து வயது. வட்டி என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு உற்சாகமாக ஓட முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பெரியம்மா கிள்ளானில் எங்களோடுதான் இருந்தார். அம்மாவுக்கு மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். சுபாங் ஜெயா பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குள் கண்ணை விட்டபடியே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒருநாள் அந்தத் தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. போகும்போது பெரியம்மாவுக்கு நஷ்டஈடாக ஒரு தொகையைக் கொடுத்தது. அவ்வளவு பெரிய தொகையை அதற்கு முன் யாரும் அவர் பெயருக்கு எழுதியதில்லை. அது அவருடைய பழைய சம்பளக் கணக்கில், வட்டி என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய ஒரு வட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவரோடு வேலை பார்த்த தோழி ஒருவருக்குக் கம்போங் மேடானில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு இருந்தது. பெரியம்மா அதை வாடகைக்குக் கேட்டு வைத்திருந்தார். அவருடைய கணக்கு மிக நேரானது. அசலில் கை வைக்கக் கூடாது. மாதாமாதம் வரும் வட்டி வீட்டு வாடகையைக் கட்டிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு அவர் துணி தைத்துச் சமாளித்துக்கொள்வார். வட்டி வாடகையைத் தொட்டால் புது வீடு. தொடாவிட்டால் எங்கள் வீட்டு ஹால்.

இதை அவர் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நாங்கள் இருவரும் புது வீட்டுக்குப் போகிறோம்! ஹாலில் ஒரே பாயில் படுப்பவர்கள் நாங்கள்தானே? பெரியம்மா போகிற இடத்துக்கு அவருடைய தலையணையும் போகும், தையல் மிஷினும் போகும், நானும் போவேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அதன் பிறகு பெரியம்மா வட்டி தேட ஆரம்பித்தார். மற்றப் பெண்கள் சேலைக் கடைக் கண்ணாடிக்கு முன் நிற்பதைப் போல அவர் வங்கி வாசல்களில் நின்று விளம்பரத் தாளைப் படித்தார். கொட்டை எழுத்தில் இருப்பதை அவர் பார்ப்பதே இல்லை. அடியில் எறும்பு ஊர்ந்ததைப் போல இருக்குமே, அதைத்தான் முதலில் படிப்பார். "மொத மூணு மாசத்துக்கு மட்டும்தானாம். அதுக்கப்புறம் பட்டை நாமம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வங்கிக்கு நடப்பார். ஒரு வங்கியில் குடை இலவசம் என்றார்கள். எனக்கு அந்தக் குடை மேல் ஒரே ஆசை. "குடை குடுக்கிறவன் வட்டி குடுக்க மாட்டான், வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பாவும் போட்டியில் இறங்கினார். அவர் கார் கழுவும் கடை வைத்திருந்தார். இரண்டாவது கடை போடும் கனவில் இருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது, பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வதைப் போலச் சொன்னார்: "பேங்க் குடுக்கிறத விட நான் அரை பர்சன்ட் கூடவே தரேன்க்கா."

"குடுப்பீங்க மாப்பிள்ள. மழை பேஞ்சா?" என்றார் பெரியம்மா. அதோடு அப்பா சாம்பாரில் கவனம் செலுத்தினார்.

கடைசியில் நல்ல வட்டியைக் கண்டுபிடித்தது அம்மாதான். ஒரு வங்கியில் மாதாமாதம் வட்டி தரும் எஃப்டி, ஐந்து வருடத்துக்கு, வேறு எங்கும் இல்லாத விகிதம். பெரியம்மா அடியில் இருந்த எறும்புகளையெல்லாம் படித்து முடித்து, "சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே பெரிய விஷயம். ஆனால் அந்தச் சலுகை செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது.

செவ்வாய் காலை பழைய வங்கியில் பணத்தை டிராஃப்டாக எடுத்துக்கொண்டு, சலுகை தரும் வங்கியின் கிள்ளான் கிளைக்குப் போனோம். எனக்குப் பள்ளி விடுமுறை. மதியத்துக்கு மேல் எங்கள் முறை வந்தபோது, இந்தக் கிளைக்கு ஒதுக்கிய தொகை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மாவின் முகம் வாடிப்போனது. அந்த அதிகாரி பாவம் பார்த்து எங்கேயோ ஃபோன் செய்து கேட்டார். பிரிக்பீல்ட்ஸ் கிளையில் இன்னும் இருக்கிறதாம், இன்றைக்கே வந்தால் கிடைக்குமாம்.

கிளம்பியிருக்கலாம். ஆனால் பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்கி நாலரைக்குத்தான் முடியும். அதற்குள் வங்கியை மூடிவிடுவார்கள். ராகு காலத்தில் பெரியம்மா சலவை மிஷின் பொத்தானைக்கூட அழுத்த மாட்டார். வாழ்நாள் பணத்தையா கொண்டுபோய்க் கொடுப்பார்?

"மூணு மணிக்குள்ள போயிரலாம்க்கா. ஓடு!" என்றார் அம்மா. அம்மா ஓடி அன்றுதான் பார்த்தேன்.

கொமுட்டர் ரயிலில் ஏறினோம். ஷா ஆலம் வரை நன்றாகத்தான் போனது. சுபாங் ஜெயாவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஏன் நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பெரியம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே, அவர் அத்தனை வருடம் வேலைக்கு இறங்கிய அதே நடைமேடை. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் மட்டும் எழுந்து, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்து, "பெரியம்மா, மணி என்ன? பெரியம்மா, இப்ப மணி என்ன?" என்று அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸை ஒட்டியிருக்கும் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியபோது மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. "பாப்பா, நீ முன்னாடி ஓடிப்போய் நம்பர் எடு!" என்றார் பெரியம்மா. பூக்கடைகளையும் பலகாரக் கடைகளையும் தாண்டி நான் பறந்தேன். பின்னால் அம்மா "ரோட்டப் பாத்து போடி!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

வங்கிக்குள் நுழைந்தால் திருவிழாக் கூட்டம். நெற்றியில் திருநீறு, தலையில் மல்லிகை, கையில் காசோலை. அத்தனை பேரும் நம்மவர்கள். ராகு காலத்துக்கு முன்னால் பணத்தைப் போட்டுவிட வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸே அங்கு வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குக் கிடைத்த நம்பரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அங்கிள் உச்சுக்கொட்டினார். "மூணு மணிக்கு மேல வந்து பாரு லா, ஈ காக்கா இருக்காது. இப்ப எப்படிக் கிடைக்கும்?"

மூச்சு வாங்க வந்து சேர்ந்த பெரியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "விடு தங்கச்சி. நமக்கு இல்ல" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீடு போகிறதே!

அம்மாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "அக்கா, மூணு மணிக்குள்ள அவங்க கைக்குப் போயிட்டா போதும்ல? மத்ததெல்லாம் அவங்க வேலைதான?"

பெரியம்மா ஒரு நொடி யோசித்தார். பிறகு டிராஃப்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கால்களுக்கு இடையில் புகுந்து ஓடினேன். மேசைக்குப் பின்னால் தலையில் தூடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய் அக்கா இருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் படபடவென்று கொட்டினேன்: இதை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று மணிக்கு மேல் கெட்ட நேரம், பெரியம்மா தரமாட்டார்.

அவர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "ராகு?" என்றார்.

"ராகு!" என்றேன்.

அந்தப் புண்ணியவதி இரண்டு கையையும் நீட்டி, பிரசாதம் வாங்குவதைப் போல டிராஃப்டை வாங்கினார். அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "ஆன்டி! டா அம்பில்! பிஃபோர் த்ரீ!" என்று பெரியம்மாவைப் பார்த்துக் கத்தினார். வாங்கியாகிவிட்டது! அதைப் பார்த்தவுடன் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து, ஆளுக்கொரு காசோலையை நீட்டிக்கொண்டு அவர் மேசைக்குப் பாய்ந்தது. காவலாளி வந்து எல்லாரையும் உட்கார வைப்பதற்குள் பெரும்பாடுபட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு மேல் அந்த அங்கிள் சொன்னதைப் போலவே வங்கி காலியானது. மலாய் அக்கா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கால்குலேட்டரில் மாத வட்டியைத் தட்டிப் பெரியம்மா பக்கம் திருப்பினார். பெரியம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வாடகை போக மிச்சம் நிக்குதுடி" என்றார்.

"எவ்வளவுக்கா?"

"கறிவேப்பில வாங்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த அம்மா திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் அந்த வழுவழுப்பான தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்தேன்.

திரும்பும் ரயிலில் எனக்கு வாய் ஓயவில்லை. "பெரியம்மா, புது வீட்டுல மொதல்ல என்ன செய்வோம்?"

பெரியம்மா சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "ஒண்ணும் செய்ய மாட்டேன் பாப்பா. அங்க ரூமுக்குக் கதவு இருக்கு. உள்ள போய்ச் சாத்திக்கிட்டு, யாருமே கூப்பிடாம ஒரு நாள் பூரா படுத்துக் கெடப்பேன்."

"யாரும் வராம நான் பாத்துக்கிறேன் பெரியம்மா!" என்றேன் அவர் தோளைப் பிடித்து உலுக்கி. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் வீட்டு வாசலுக்கு லோரி வந்தது. அப்பாதான் பேசி வாடகை கொடுத்திருந்தார். தையல் மிஷினுக்கும் தலையணைக்கும் அடுத்தபடியாக, பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு நான் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னைத் தூக்கி இறக்கியபோது தெருவே பார்க்கும்படி அழுதேன். லோரி திரும்பும்வரை "பெரியம்மா! பெரியம்மா!" என்று கத்தினேன். அவரை யார் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவ்வளவு களைக்க வைத்தார்களோ, அவர்கள் மேல் எனக்குப் பல நாள் தீராத கோபம் இருந்தது. எங்கள் வீட்டில் காலையில் கண் விழித்தது முதல் இரவு தூங்கும்வரை அவரை அதிகம் கூப்பிட்டது யார் என்று நான் அப்போது யோசித்துப் பார்க்கவே இல்லை.