ஸ்தனிஸ்லாஸும் பெட்ரோல் குடிக்காத காரும்

ஸ்தனிஸ்லாஸ் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறிய பித்தளை ஜெட்டை உதட்டில் வைத்து ஊதுகிறார். துளையில் அடைப்பு இல்லையென்றால் மெல்லிய சீட்டியொலி எழும். எழுந்ததும் கண்களை மூடி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடும் பாட்டொன்றை அதே சுருதியில் பிடித்து முனகுவார். பிறகு ஜெட்டைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதை எங்கே வைத்தோமென்று பாலக்கரைப் பட்டறை முழுவதும் தேடுவார். அவருடன் சேர்ந்து தேட நாலு பேர் கூடிவிடுவார்கள். நான் ஒரு நட்டைத் தொலைத்தால் நானேதான் தேடவேண்டும்.

அவர் கடைசல்காரர். கமலவல்லி அம்மாள் நடத்தும் லேத் பட்டறையில் வேலை. அளவுகோல் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்குகிறது, தொடமாட்டார். "கண்ணு எதுக்குண்ணே இருக்கு?" என்பார். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கை கழுவி, அதன்மேல் முகப்பவுடரைத் தடவிக்கொள்வார். அந்தக் கலவை மணம் தெருமுனையிலேயே வந்துவிடும். டீக்கடைக்காரர் அதற்குள் கிளாஸைக் கழுவத் தொடங்கியிருப்பார்.

அவரிடம் ஒரு கார் இருக்கிறது. சென்னையில் ஒருவர் உதிரியாக விற்ற பாகங்களை லாரியில் வரவழைத்து, தாமே பூட்டியது. இரும்புச் சட்டமும் மெல்லிய ஃபைபர் கூடும் வந்தன. என்ஜினை வாங்குபவரே தேடிக்கொள்ளவேண்டும். தம் மோட்டார் சைக்கிளைப் பிரித்து அதன் என்ஜினையே இதில் வைத்தார். மோட்டார் சைக்கிளுக்கு ஏது ரிவர்ஸ்? ஆகவே இந்தக் காருக்கும் பின்னால் போகத் தெரியாது. முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் இறங்கி, பம்பரைப் பிடித்துத் தூக்கித் திருப்புவார். பழவண்டிக்காரர்கள் வியாபாரத்தை விட்டு ஓடிவந்து கைகொடுப்பார்கள். "தூக்குங்கப்பா, மாப்பிள்ளை ஊர்கோலம்!" என்று ஒருவர் கத்துவார். ஸ்தனிஸ்லாஸின் மனைவி டோரதி உள்ளே உட்கார்ந்தபடியே, "இறங்க மாட்டேன், போங்க. என் நகையை வித்துச் செஞ்ச பல்லக்கு இது" என்பார்.

சிந்தாமணியில் ஒரு மரக்கடையில் கணக்கெழுதுபவன் நான். என்ஜின்களைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் தெப்பக்குளத்துப் பழைய புத்தகக் கடைகள் கற்றுத் தந்தது. கற்றதை வரைபடமாக எழுதித் தேதியிட்டுக் கோப்பில் வைப்பது என் வழக்கம். ஸ்தனிஸ்லாஸிடம் எனக்குப் பொறாமை உண்டு. அதை மறைத்து இந்தச் சித்திரத்தை வரைந்தால் வாசகர்களுக்கு நான் பொய் சொன்னவனாவேன்.

காரில் முதலில் பெட்ரோல் டாங்கை இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளில் டாங்க் மேலே, என்ஜின் கீழே. பெட்ரோல் தானாக இறங்கும். இங்கே தலைகீழ். மேலேற மறுத்த பெட்ரோலுக்காக ஒரு பழைய காரின் பம்பை மாட்டினார். அதன் வேகத்தைத் தாங்காமல் கார்புரேட்டர் பொங்கி வழிந்தது. டாங்கை இருக்கைக்குப் பின்னே உயரமான தட்டில் வைக்கும்படி வரைந்து கொடுத்தவன் நான். வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "அழகா இருக்குண்ணே, பிரேம் போட்டு மாட்டலாம்" என்றார். மறுநாள் டாங்க் தட்டின்மேல் இருந்தது. பழைய மோட்டார் சைக்கிள் டாங்கேதான். அதன் பளபளக்கும் மூடி, காரின் முதுகில் விட்ட துளை வழியாக வெளியே தெரிந்தது.

அதன்பின் பாலக்கரையில் வண்டி நன்றாகவே ஓடிற்று. சத்திரம் பேருந்து நிலையத்தைக் கடந்து காவிரிப் பாலத்தில் ஏறும்போது மட்டும் இருமும், நின்றுவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதை.

இந்த நேரத்தில்தான் தாயுமானவன் குறுக்கிட்டார். திருவானைக்காவலில் லாரிகள் வைத்திருப்பவர். அவருடைய ஷெட் ஒன்று காலியாக இருந்தது. பட்டறைக்கே வந்து சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எங்கயும் நிக்காம பாலம் தாண்டி என் ஷெட்டு வாசலுக்கு வாங்க. ஷெட்டு உங்களுக்கு. ஸ்பேனர் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கான். என் லாரிக்குக் கோளாறு எதுன்னு கண்டுபிடிக்கிற ஆள்தான் எனக்கு வேணும்."

ஸ்தனிஸ்லாஸ் என் தோளில் கைபோட்டு, "நம்ம ஷெட்டுண்ணே" என்றார். அந்த 'நம்ம' என்ற சொல்லை நம்பி நான் மரக்கடை முதலாளியிடம் வேலையை விட்டுவிடப்போவதாகச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையும் வண்டி பாலத்தில் நின்றது. பின்னால் பஸ் ஒலிப்பான் அலறியது. "ஏற்றத்தைக் கண்டா இதுக்குப் பயம், காசிண்ணே. ஆத்தைப் பாத்துட்டு நிக்குது" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வழக்கம்போல, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வழக்கம்போல மூடியைத் திறந்தேன். உள்ளே நிறைய இருந்தது. வழக்கம்போல மூடிவிட்டுத் தள்ளினோம், கிளம்பிவிட்டது.

தள்ளிய பிறகு பாலத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று யோசித்தேன். ஒவ்வொரு முறையும் திறக்கிறோம். ஒவ்வொரு முறையும் கிளம்புகிறது. ஓடிப்போய் வண்டியை மறித்து, மூடியை மறுபடி பார்த்தேன். அதன் நடுவிலிருக்கும் ஊசித்துளை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். துளையின்மேல் சந்தனம் கெட்டியாக அப்பியிருந்தது, அதன்மேல் குங்குமம்.

வெள்ளிக்கிழமைதோறும் கமலவல்லி அம்மாள் லேத்துக்கும் துளைபோடும் இயந்திரத்துக்கும் பொட்டு வைப்பார். சிலுவை கும்பிடும் வேதக்காரர் வண்டியென்று விட்டுவிட மனமில்லாமல், பளபளப்பாகத் தெரிந்த அந்த மூடிக்கும் வைத்துவந்திருக்கிறார். பாலக்கரையிலிருந்து பாலம்வரை வருவதற்குள் டாங்கின் உள்ளே காற்று போதாமல் போய்விடும். பாலத்து ஏற்றம் ஒரு குற்றமும் செய்யவில்லை.

நான் சட்டைப் பொத்தானில் குத்தியிருந்த ஊசியால் துளையைக் குத்தினேன். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனது. ஸ்தனிஸ்லாஸ் வாய் பிளந்து நின்றார். "அட எங்கம்மா! மூச்சு முட்டிக்கிட்டுல்ல கிடந்திருக்கு!"

பட்டறைக்குத் திரும்பியதும் கதையைச் சொல்லத் தொடங்கினார். எப்படிச் சொன்னார்! பாலத்தில் பஸ்காரன் திட்டியதை நடித்தார். வண்டி இருமியதை இருமிக் காட்டினார். "ஸ்ஸ்னு ஒரு சத்தம் என் காதுல விழுந்துச்சு பாருங்க!" என்றபோது கமலவல்லி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "ஐயோ தம்பி, நல்லதுன்னு நினைச்சுல்ல வச்சேன்!" அந்தக் கதையில் ஊசியும் ஸ்தனிஸ்லாஸின் சட்டையிலிருந்துதான் வந்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், எனக்கு அப்படிக் கதை சொல்ல வராது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்தனிஸ்லாஸ் கிளம்பினார். இருக்கை இரண்டுதான், மற்றதில் டோரதி. வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டு நான் டவுன் பஸ்ஸில் பின்தொடர்ந்தேன். பாலத்தில் சன்னல் வழியே பார்த்தேன். சிவப்பு முதுகைக் காட்டிக்கொண்டு, இருமாமல், நிற்காமல் கார் ஏறிப் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாருக்கென்று கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

நான் இறங்கி ஷெட் வாசலை அடைந்தபோது தாயுமானவன் காரைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து. என்னைப் பார்த்தார், ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார்.

"சொல்லுங்க. கோளாறைக் கண்டுபிடிச்ச ஆள் யாரு?"

 ஸ்தனிஸ்லாஸே சொல்லட்டும் என்று நான் நின்றேன். டோரதி தம் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்தனிஸ்லாஸ் காரின் பின்பக்கம் போனார். காலையில் தள்ளியபோது பதிந்த என் எண்ணெய்க் கைத்தடங்கள் இரண்டும் சிவப்பு வண்ணத்தில், விரல் விரலாகத் தெரிந்தன. பையிலிருந்து சலவைக் கைக்குட்டையை எடுத்தார். வாய் ஆவியை ஊதி, என் விரல் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.