வைக்கோல் மெத்தையில் ஒரு பைக்

புதுச்சேரியில் பைக் பேரணி. என் பழைய பைக் அவ்வளவு தூரம் தாங்காது என்று, விருத்தாசலத்தில் பீங்கான் ஏற்றும் மினி லாரி ஒன்றில் ஏற்றினோம். எங்கள் ஊரில் பீங்கான் பொம்மைகளை வைக்கோலுக்குள் புதைத்துத்தான் அனுப்புவார்கள். பைக்குக்கும் அப்படியே வைக்கோல் பரப்பி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

மங்கலம்பேட்டை போய்ச் சேர்வதற்குள் பைக் இருமுறை சாய்ந்துவிட்டது. ஏன் என்று பார்த்தே தீருவதென்று பின்னால் ஏறிக்கொண்டேன். பள்ளம் வரும்போதெல்லாம் பைக்கின் முன்பக்க ஸ்பிரிங் அமுங்கியது, கயிறு தொளதொளத்தது, ஸ்டாண்டு வைக்கோலில் வழுக்கியது. பொம்மைக்கு ஸ்பிரிங் கிடையாதே!

அதை வியந்துகொண்டிருக்கும்போதே பைக் என் முழங்கால்மேல் சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்து, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து கத்தினேன். லாரி நின்றது. நண்பன் செல்வம் முன்னாலிருந்து ஓடிவந்தான். என் கனத்தில் ஸ்பிரிங் அமுங்கியிருக்க, கயிற்றை இழுத்துக் கட்டினான்.

"கட்டிட்டேன், எறங்குடா."

"நீ போ. நான் எறங்க மாட்டேன்."

பேரணித் திடலில் ஒருவர் கேட்டார், "எங்கேருந்து ஓட்டிட்டு வரீங்க?"

செல்வம் முந்திக்கொண்டான்: "மங்கலம்பேட்டைல ஏறுனாருங்க, இன்னும் எறங்கவே இல்ல."

இன்றும் எதையாவது இறுக்கிக் கட்டுமுன், அதன் மேல் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறேன்.