எழுதாத பொத்தான்

நம்பினால் நம்புங்கள். பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். எனக்கு இது நடந்தது பட்டப்பகலில், டியூப்லைட் எரியும் அலுவலகத்தில். துளிகூடக் கலப்பில்லாமல் சொல்கிறேன்.

நானும் என் தங்கையும் சேர்ந்து மென்பொருள் செய்து கொடுத்து வந்தோம். திரையில் திறக்கும் ஜன்னல்கள், பொத்தான்கள் எல்லாம் என் பொறுப்பு. இங்கே ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பொத்தான், அதன்மேல் இந்தச் சொல் என்று வெறும் வரிகளாக எழுதுவேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் கம்பைலர் அதை ஜன்னலாக மாற்றிக் கொடுக்கும். மகா கறார் பேர்வழி அது. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் வள்ளென்று விழும். எழுதாததை ஒருநாளும் காட்டாது. எனக்கு ஏற்ற ஜோடி அதுதான் என்று தங்கை கேலி செய்வாள்.

அந்த வாரம் அவள் நாற்காலி காலி. தலையில் அறுவை சிகிச்சை முடிந்து, கண்ணே திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் விழித்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. நான் வராந்தாவில் நின்று நின்று, பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் அலுவலகம் வந்தேன். ஒரு பல் டாக்டருக்கான பதிவுத் திரை பாதியில் நின்றிருந்தது.

மணி மூன்று இருக்கும். கம்பைலரை ஓட்டினேன். எப்போதும் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். அன்று... யோசித்தது.

பிழை எதுவும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தேன். பெயர், வயது, எந்தப் பல், எல்லாம் சரி. அடியில் மட்டும் ஒரு வெற்றிடம். நான் விடாத இடம்.

மறுபடி ஓட்டினேன். இப்போது அங்கே ஒரு பொத்தான். அதன்மேல் எழுத்தே இல்லை.

வரிகளை மேலும் கீழும் புரட்டினேன். அப்படி ஒரு பொத்தானை நான் எழுதவே இல்லை.

க்ரீச்... பக்கத்து நாற்காலி. அவள் உட்காரும்போது வரும் சத்தம்.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கை தானாகக் கட்டளையைத் தட்டியது.

ஜன்னல் முழுக்கக் காலி. நடுவில் ஒரே வரி.

அண்ணா, வரட்டுமா?

அதற்குக் கீழே அந்தப் பொத்தான். இப்போது அதில் எழுத்து இருந்தது. 'சரி'.

பயமெல்லாம் போய்விட்டது. கண்ணில் நீர் முட்டியது. என் தங்கை வருகிறாள். பிழைத்து வருகிறாள்.

"சீக்கிரம் வாடி," என்றேன். அழுத்தினேன்.

ஜன்னல் மூடிக்கொண்டது.

விழுந்தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"கொஞ்சம் முன்னாடி கண்ணைத் தொறந்தாடா. என்னைப் பாத்தா. 'அண்ணாகிட்ட கேட்டேம்மா... சரின்னுட்டான்'னா. அப்படியே மூடினவதான்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்புகிறவர்கள் கேட்பதும் அதே 'வரட்டுமா?'தான். அழுத்தியபோது எனக்கு அது உறைக்கவில்லை.

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடா கேட்டா உன்கிட்ட?"

இன்றுவரை நான் சொல்லவில்லை.