சார், பின்னாடி

சார்ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்னிக்கும் கடுப்பாவுது. காரணம் இருக்கு.

ஒரகடத்துல நான் வேலை செய்யிற கம்பெனிக்குப் புது மெஷின் செட் பண்ண ஒரு பெல்ஜியம்காரர் வந்தார். நாப்பது தாண்டின ஆளு. ஒரு சாயங்காலம் நாங்க ஃபுட்பால் பிராக்டிஸ் பண்ற எடத்துக்கு ஷூவை மாட்டிக்கினு வந்து நின்னார்.

அவங்க நாட்டுல சம்பளத்துக்கு ஆடினவராம். ஸ்டாப்பர். நான் ஆடுறதும் அதுதான், கோல்கீப்பருக்கு முன்னாடி நின்னு வர்றவனைத் தடுக்கிற வேலை. பெரிய டீம் எதுலயும் ஆடலன்னு அவரே சொன்னார். சின்னச் சின்ன கிளப்பு, எல்லாத்துலயும் ஒரு வருஷக் கான்ட்ராக்ட், சீசன் முடிஞ்சா வேற ஊரு. முட்டி போனதும் மெஷின் வேலைக்கு வந்துட்டாராம். "நீங்களும் கான்ட்ராக்ட்தானா சார்?"னு தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டேன். அவர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. எனக்கப்புறம் சேந்தவன்லாம் பர்மனென்ட் ஆயிட்டான்.

கம்பெனிங்களுக்குள்ள நடக்கிற போட்டியில கப் அடிச்சா, டீம்ல இருக்கிற கான்ட்ராக்ட் பசங்களைப் பர்மனென்ட் பண்றோம்னு ஹெச்.ஆர். மேனேஜர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் வூட்ல எனக்குப் பொண்ணு பாக்கவே ஆரம்பிச்சாங்க.

அவரும் நானும் ஜோடியா பின்னாடி நின்னோம். மொத நாளே சொல்லிட்டார்: அவருக்கு முட்டி சட்டுனு திரும்பாது, முதுகுப் பக்கம் எவனாவது ஓடினா நான்தான் கத்தணும். அதுக்காக 'பின்னாடி', 'விடு', 'அடி'ன்னு மூணு வார்த்தை கத்துக்கினார். அவருக்குத் தெரிஞ்ச தமிழே அவ்ளோதான். நான் "பின்னாடிடா"ன்னு கத்துவேன், என்னைப் பாக்கவே மாட்டார், காலை நீட்டுவார், பந்து அவர்கிட்ட இருக்கும். சூடு ஏறுனா 'டா' தானா வந்து ஒட்டிக்கும். அவர் அதைக் கண்டுக்கவே இல்ல. செமி ஃபைனல் வரைக்கும் அப்படித்தான் ஜெயிச்சோம்.

செமி ஃபைனல் முடிஞ்சதும் மேனேஜர் தனியாக் கூப்பிட்டார்.

"என்னப்பா, சாரைப் போய் வாடா போடான்னு கத்திக்கிட்டு இருக்க? மாடா மேய்க்கிற? மேட்ச்னாலும் மரியாதை வேணும். சார்னு கூப்பிடு. பர்மனென்ட் ஆகணுமா, வேணாமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான். தலையை ஆட்டிட்டு வந்தேன்.

ஃபைனல் ஸ்ரீபெரும்புதூர்ல. முடியப் போற நேரம், ரெண்டு பக்கமும் கோல் இல்ல. அவர் முதுகுக்குப் பின்னாடி எதிர் டீம்காரன் ஓடி வர்றான். "சார், பின்னாடி"ன்னு கத்தினேன். ஃபேக்டரில சார்னு கூப்பிட்டா என்ன செய்வாரோ அதையேதான் செஞ்சார். நின்னு, இன்னா விஷயம்னு கேக்கிற மாதிரி என் மூஞ்சியைப் பாத்தார். பந்து அவரைத் தாண்டிப் போச்சு. கோல்.

ஆட்டம் முடிஞ்சு புல்லுல பக்கத்துல வந்து உக்காந்தார். இன்னிக்கு மட்டும் ஏன் சார்னு இங்கிலீஷ்ல கேட்டார். மேனேஜர் நின்ன பக்கம் கண்ணைக் காட்டினேன். எல்லா கிளப்புலயும் பின்னாடி ஒருத்தன் கெட்ட வார்த்தையில கத்தினதாலதான் அத்தனை வருஷம் ஆட முடிஞ்சுதுன்னார்.

மேனேஜர் வந்தார். பெல்ஜியம்காரருக்குத் தண்ணி பாட்டிலைக் கொடுத்துட்டு என் பக்கம் திரும்பினார்.

"கூடவே நிக்கிறவன் நீ. ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதாப்பா? உன்னால எல்லாம் போச்சு பாரு."

நாலு கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு.

"சாரி சார்"னேன்.